கிளச் கம்பியும் துவக்குப் பத்திரமும்

மோட்டார் சைக்கிளில் இருந்து கழற்றிப் போட்ட பழைய கிளச் கம்பி. ஒரு நுனியை மடக்கிச் சின்ன வளையம் செய்து, மறு நுனியை அதற்குள் நுழைத்து இழுத்தால் சுருக்கு தயார். மிச்சக் கம்பியைத் தேயிலைத் தூரிலோ, அடித்து இறக்கிய முளையிலோ கட்டிவிடுவார்கள். பன்றி வந்துபோகிற தடத்தில், பன்றியின் தலை உயரத்துக்கு அது விரிந்து தொங்கும். கொழுந்துக்கூடையோடு அந்த வழியால் இறங்குகிற பெண் பிள்ளைக்குக்கூடக் கண்ணில் படாது. மழையில் துருவேறிய கம்பிக்கும் காய்ந்த தேயிலைக் குச்சிக்கும் நிறம் ஒன்று. பொல்பிட்டியவில் இருந்து லக்ஷபான, மஸ்கெலியா, நல்லதண்ணி என்று மேலே ஏறிப் போனால், இந்தக் கம்பியை ஒரு தரமாவது பார்க்காத ஆள் குறைவு.

2020 மே 26ஆம் தேதி லக்ஷபான தோட்டப் பக்கம் இப்படியொரு சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டியது. மயக்க ஊசி போட்டு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். 29ஆம் தேதி செத்துப்போனது. கருஞ்சிறுத்தை தனி இனம் அல்ல. கறுப்பு நிறமி கூடிப் பிறந்த நம்முடைய இலங்கைச் சிறுத்தைதான். ஆனால் இந்தத் தீவில் அதைக் காண்பது அபூர்வம் என்பதால் நாடே கொஞ்ச நாள் அதைப் பற்றிப் பேசியது. மலைநாட்டு லயங்களுக்குப் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்திகளைப் பற்றி, அங்கே இரவில் பன்றி வந்து கிழங்கைக் கிண்டிப் போடுவதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. சிறுத்தையையும் பாத்தியையும் சேர்த்துப் பேசாவிட்டால் கம்பி தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த மலைகளில் வேட்டை யாருடைய பொழுதுபோக்காக இருந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறி வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்தினார். துப்பாக்கியும் ஓய்வும் உள்ளவன் சுட்டான், கேட்க ஆளில்லை. சுட்டுச் சுட்டு மிருகம் குறைந்தபோதுதான் சுட்டவர்களுக்கே கவலை வந்தது. 1894இல் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் நோக்கம் அன்றைக்கு வேட்டை மிருகத்தைக் காப்பது, அதாவது நாளைக்குச் சுட மிச்சம் வைப்பது. அதே சங்கம்தான் பிறகு மெல்ல மெல்லத் துவக்கைக் கீழே வைத்து, இன்று வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக நிற்கிறது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் வந்தது. மலைநாட்டு ஓடைகளில் ட்ரவுட் மீன் வளர்த்து, அதைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிற கழகம் அது. மீனும் நம்முடையது அல்ல, சீமையில் இருந்து கொண்டுவந்து விட்டது. நுவரெலியா ஹில் கிளப்புக்குப் போனால் சுவரில் அந்தக் காலம் இன்னும் கொம்போடு தொங்குகிறது.

இந்தச் சங்கங்கள் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். யால, வில்பத்து போன்ற காடுகள் மிஞ்சியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அங்கத்துவப் பட்டியலில் லயத்துக்காரன் இருக்கவில்லை. காடும் ஓடையும் யாருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்ததோ, அவனிடம் ஒருவரும் கேட்டதில்லை.

அமெரிக்காவில் கதை வேறு விதமாகப் போனது. அங்கே 1937இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இருந்த வரிக் காசைத் தனியாக ஒதுக்கினார்கள். அந்தக் காசு காட்டு மிருகப் பாதுகாப்புக்குப் போகிறது. ஆகவே அங்கே ஊர் ஊராக இருக்கிற வேட்டை, மீன்பிடிக் கழகங்கள் ஒரு கையில் காட்டையும் மறு கையில் துப்பாக்கி உரிமையையும் பிடித்துக்கொண்டு பேசுகின்றன. அதே 1937இல்தான் இலங்கையில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அந்த ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. ஒரே வருடம், அங்கே வேட்டைக்காரனைப் பங்காளி ஆக்கினார்கள், இங்கே தடையும் அனுமதிப் பத்திரமும் போட்டார்கள். இன்டர்நெட்டில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு, “பயிரைக் காக்கத் துவக்கு வைத்திருப்பது என் உரிமை” என்று நம்முடைய பையன்கள் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இலங்கையில் அப்படி ஓர் உரிமை இல்லை. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தை எத்தனை தரம் புரட்டினாலும் அதில் துவக்கு கிடையாது.

இருப்பது அனுமதி மட்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது கிடைக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கொடுத்த அனுமதியை அரசாங்கம் திருப்பிக் கேட்கலாம். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்த துவக்குகளை ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது நினைவிருக்கும். அரசாங்கத்தின் சந்தேகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1971 கிளர்ச்சியில் கிராமத்து வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளும் பறிபோயின.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று துவக்கு கேட்பவர் தன் காணியைக் காட்ட வேண்டும். தோட்டத்து மனிதருக்கு வழி இங்கேயே அடைபடுகிறது. மூன்று தலைமுறை உழுத பாத்தியாக இருந்தாலும் உறுதிப் பத்திரம் அவர் பெயரில் இல்லை. கீழே கிராமத்தில் காணிக்காரருக்கு ஷொட்கன் அனுமதி கிடைக்கிறது. மேலே லயத்தில் இருப்பவருக்குக் கிளச் கம்பி மிஞ்சுகிறது. லயத்துக்கு லயம் துவக்கு கொடுக்கச் சொல்லி நான் இதைச் சொல்லவில்லை. குடித்துவிட்டுச் சண்டை பிடிக்கிற சனிக்கிழமை இரவுகளை நானும் பார்த்தவன். கம்பியைக் கண்டிக்க வருகிறவர்கள் இந்தக் காணிக் கணக்கையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அனுமதியோடு துவக்கு வைத்திருக்கிற வீடுகளிலும் ஒரு பொறி இருக்கிறது. தகப்பன் செத்து மூன்று வருடம். துவக்கு அலுமாரிக்கு மேலே பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கிடக்கும். அனுமதி அவருடைய பெயருக்கு. அவர் போனதும் அதுவும் போயிற்று. பிள்ளை கையில் அது அனுமதியில்லாத துவக்கு. உடனே பொலிஸில் அறிவித்து ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் சொந்தப் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். இரவல் கொடுப்பதும் அப்படித்தான். மச்சான் கேட்டான் என்று கொடுத்தால் இரண்டு பேரும் உள்ளே போக வேண்டி வரும்.

கட்டுத்துவக்கு இதைவிட மோசம். இரும்புக் குழாயில் வெடிமருந்து கெட்டித்து, தடத்துக்குக் குறுக்கே நூல் கட்டி வைக்கிற அந்தச் சாமானுக்கு எந்த அனுமதியும் கிடையாது. அதற்குப் பன்றி எது, விறகுக்குப் போன மனுசி எது என்று தெரியாது. காலில்தான் அதிகம் படும். எலும்பு தூளாகிக் காலையே எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. ஆள் செத்தால் கட்டியவர் மீது கொலை வழக்கு வரும்.

சரி, சுருக்குக்கு வருவோம். காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட மிருகம் அல்ல. சிறுத்தை, மரை, மான், சருகுமான், அழுங்கு எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. கம்பிக்கு இந்தப் பட்டியல் தெரியாது. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை விழுந்த பிறகு “பன்றிக்குத்தான் வைத்தேன்” என்று சொல்வதால் வழக்கு நின்றுவிடாது. சிறுத்தை பன்றியைப் போல முட்டி இழுக்காது. உடம்பை நுழைத்து வெளியே போகப் பார்க்கும், பிறகு சுழன்று சுழன்று திமிறும். அதனால் கம்பி பெரும்பாலும் இடுப்பிலோ கழுத்திலோ இறுகும். வெளியே சின்னக் கீறல் மாதிரி தெரியும். உள்ளே உறுப்புகள் நசிந்திருக்கும். மீட்டெடுத்த சிறுத்தைகள் இரண்டு மூன்று நாளில் சாவது இதனால்தான்.

அப்படி ஒன்று மாட்டியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள். கம்பியை வெட்டிவிடப் பார்க்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது கிடைக்காவிட்டால் பொலிஸின் 119. மிருக வைத்தியர் மயக்க ஊசியோடு வர மணித்தியாலங்கள் ஆகும். அதுவரை செய்ய வேண்டிய ஒரே வேலை கூட்டத்தைத் தூரத்தில் நிறுத்துவது. கஷ்டமான வேலை. பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டம்) கலைந்ததும் தோட்டமே கையில் போனோடு வந்து நிற்கும். சத்தம் கூடக் கூட மிருகம் திமிறும். கம்பி அறுந்தால் முதலில் நிற்பவர் மேல்தான் பாயும்.

அடுத்து பொலிஸ் வரும். யாருடைய பாத்திக்குக் கிட்ட கம்பி இருந்ததோ அவரைத்தான் முதலில் தேடுவார்கள், வைத்தது வேறு ஆளாக இருந்தாலும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அம்பகமுவப் பக்கம் இருமொழி நிர்வாகப் பிரதேசம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி தயங்காமல் கேளுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள். இதை எத்தனை தரம் எழுதினாலும் தகும். “சும்மா ஒரு கையெழுத்துதானே” என்று வைத்த கையெழுத்தால் வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தவர்களை நான் அறிவேன். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உண்டானது, வருமானம் குறைந்தவருக்கு இலவசம். பொலிஸில் அடி விழுந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

சிறுத்தை மனிதரைக் காயப்படுத்தினால் என்ன பரிகாரம்? காட்டு யானைக்கு மட்டும்தான் நட்டஈடு என்று பலர் நினைத்திருக்கிறார்கள். சிறுத்தை, கரடி, முதலை, காட்டெருமை தாக்கினாலும் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் நட்டஈடு கேட்கலாம். பொலிஸ் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், ஆஸ்பத்திரித் துண்டு மூன்றையும் அன்றன்றைக்கே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும்போது நடந்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலையால் ஏற்படும் காயத்துக்குத் தோட்ட நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். குளவிக் கொட்டுக்கும் இதே வழியில் கேட்கலாம். சிறுத்தையைவிடக் குளவிதான் நம்மை அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. எந்த மலையில், எத்தனை மணிக்கு நடந்தது என்று தோட்டப் புத்தகத்தில் பதியச் சொல்லித் தோட்டத் தலைவரைக் கொண்டு கேட்க வையுங்கள்.

ஆற்றுப் பக்கமும் ஒரு வார்த்தை. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகிற பகுதி நம்முடையது. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு பாறைக்கு இறங்காத பையன் இங்கே இல்லை. தூண்டிலில் குற்றமில்லை. டைனமைட்டும் நஞ்சும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தில் தடை. நன்னீருக்கும் அதுதான் சட்டம். திரி எரிந்து முடிவதற்குள் எறியத் தெரியும் என்று நினைத்து விரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சட்டம் பேசாத ஆபத்து ஒன்றும் உண்டு: இங்கே மழை இல்லாமலும் ஆறு பெருகும். மேலே மின் நிலையம் ஓடத் தொடங்கினாலோ, லக்ஷபான வான்கதவைத் திறந்தாலோ, காலடியில் இருந்த பாறை சில நிமிடங்களில் தண்ணீருக்குள் போய்விடும். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கி, சருகும் குச்சியும் வரத் தொடங்கினால் தூண்டிலைச் சுருட்டாமல் போட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களில் வலை போடுகிறவர்கள் சங்கமாகச் சேர்ந்துதான் தொழில் செய்கிறார்கள். குஞ்சு மீன் விடுவதும், எந்த வலை போடலாம் என்று பேசுவதும் சங்கத்தின் வழியாகத்தான். மலைக்கும் அப்படி ஒன்று ஏன் இருக்கக்கூடாது? புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். தோட்டத்துக்குத் தோட்டம் விளையாட்டுக் கழகம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, மட்ச்சுக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம், காட்டு ஓரமாக நடந்து கம்பி தேடலாம். முதலில் தோட்டத் துரைக்கும் பக்கத்து வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கம்பியைக் கண்டால் இருக்கிற இடத்திலேயே போட்டோ எடுங்கள். அதிகாரி வந்து கழற்றினால் நல்லது. உங்களையே கழற்றச் சொன்னால், யார் சொன்னது, எத்தனை மணி என்று எழுதி வையுங்கள். கழற்றிய கம்பியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், ஒன்றுகூட. அன்றைக்கே அலுவலகத்தில் கொடுத்து, எத்தனை கம்பி என்று தொகை போட்டு ஒரு துண்டு வாங்குங்கள்.