டிஸ்சார்ஜ்: ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்?



சில மாதங்களுக்கு முன் நம் அலுவலகத்துக்கு ஒரு பிள்ளை தன் உம்மாவின் மருத்துவச் சீட்டோடு வந்தார். சர்க்கரை நோயால் காலில் வந்த புண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார்கள். 'காய்ச்சலோ டிஸ்சார்ஜோ இருந்தால் உடனே வரவும்' என்று சீட்டில் ஆங்கிலத்தில் இருந்தது. "அதான் டிஸ்சார்ஜ் ஆகி வந்துட்டோமே" என்று வீட்டார் இருந்துவிட்டார்கள். நான்கு நாட்களாகப் புண்ணில் சீழ் வடிந்திருக்கிறது. சீட்டில் சொன்ன டிஸ்சார்ஜ் அதுதான்: புண்ணிலிருந்து, காதிலிருந்து, உடம்பின் வேறு இடங்களிலிருந்து நீரோ சீழோ கசிவது. அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பியது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வினைச்சொல் இது. 'சுமையை இறக்கு' என்பதே பழைய பொருள். கார், கார்கோ இரண்டும் இதன் சொந்தக்காரர்கள். இதை மனதில் வைத்தால் மற்றவை எளிதில் பிடிபடும். மருத்துவமனை நோயாளியை அனுப்புகிறது, பேட்டரி மின்சாரத்தை இழக்கிறது, புண் சீழை வெளியேற்றுகிறது, எல்லாம் இறக்குவதுதான்.

கடனும் சுமைதானே. மய்யித்தின் சொத்தைப் பங்கு வைக்குமுன் அவருடைய கடனை அடைக்கிறோம் அல்லவா, அந்த அடைப்புக்கும் இதே சொல். ஆனால் 'கடமையை டிஸ்சார்ஜ் செய்தார்' என்றால் கடமையை விட்டுவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது, நிறைவேற்றினார் என்று பொருள். ஊழியரை டிஸ்சார்ஜ் செய்தார்கள் என்றாலோ வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்! ஆங்கிலம் இப்படித்தான் நம்மைச் சோதிக்கும்.

நீதிமன்றத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே, வழக்கை மேலே நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிபதி அனுப்பிவிட்டால் அது டிஸ்சார்ஜ், தமிழில் விடுவிப்பு. விசாரணை முழுவதும் நடந்து குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தால் அது விடுதலை. இரண்டும் ஒன்றல்ல. விடுதலை பெற்றவரை அந்த உத்தரவு நிலைத்திருக்கும்வரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்பலாம். ஆகவே பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ விண்ணப்பம் நிரப்பும்போது உத்தரவு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள சொல்லையே எழுதுங்கள்.

மறுபடி மருத்துவமனைக்கு வருவோம். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் நாமே நோயாளியைக் கூட்டிப்போனால், 'மருத்துவ ஆலோசனைக்கு மாறாக டிஸ்சார்ஜ்' என்று எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். அது சாதாரண வீடு திரும்பல் அல்ல. செலவுக்குப் பயந்து கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீடு வந்த பிறகு சீட்டு புரியவில்லை என்றாலும் கொண்டுவாருங்கள். அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள்.