பழைய டிராக்டருக்கு என்ன விலை?



மேட்டூர் அணையைப் பாசனத்துக்காகத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்த நீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்தை நோக்கி ஓடி வருகிறது. ஊருக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. நீர் வந்துவிட்டால் வயலில் சேற்றுழவு தொடங்கிவிடும். அப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும்.

உங்கள் வீடு நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மே மாதக் கடைசி. உங்கள் சித்தப்பா ஒரு பழைய டிராக்டர் வாங்கப் போகிறார். சொந்த நிலத்தை உழுதபின், மற்றவர்களுக்கும் வாடகைக்கு ஓட்டலாம் என்பது அவருடைய எண்ணம். பணத்துக்குச் சித்தியின் நகைகளை அடகு வைக்க வேண்டும். தரகர் வந்து, "ஆறு வருஷ வண்டி, 4,200 மணிதான் ஓடியிருக்கு. நாலு லட்சத்துப் பத்தாயிரம். நாளைக்கே வேறு ஆள் வருகிறார்" என்கிறார்.

சித்தப்பா உங்களைப் பார்த்து, "நீதான் கணக்கில் புலியாயிற்றே, இந்த விலை சரிதானா, சொல்லு" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பதில் சொல்ல முடியும். பள்ளியில் படித்த கணக்கும் பௌதிகமும் போதும். வாருங்கள், பார்ப்போம்.

தேய்மானம் என்னும் கணக்கு

எந்த இயந்திரமும் உழைக்க உழைக்கத் தேய்கிறது. அதன் மதிப்பும் குறைகிறது. இதற்குத் தேய்மானம் என்று பெயர். அதைக் கணக்கிட ஒரு வழி மட்டும் இல்லை. மூன்று வழிகளைப் பார்ப்போம்.

இதே டிராக்டரைப் புதிதாக வாங்கினால் 7,00,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். (உண்மை விலையைக் கடையில் கேட்டு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.) வேளாண் பொறியியல் பாடங்களில் ஒரு டிராக்டரின் ஆயுளை 10 ஆண்டு அல்லது 10,000 மணி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆயுள் முடியும்போது அதற்குப் புதுவிலையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 70,000 ரூபாய், மிஞ்சும் என்று கொள்வார்கள். ஆகவே ஆயுள் முழுவதிலும் தேய்வது 6,30,000 ரூபாய்.

முதல் வழி: ஆண்டுக்கணக்கு. ஆண்டுக்கு 63,000 ரூபாய் குறைகிறது. ஆறு ஆண்டில் 3,78,000. மீதி மதிப்பு 3,22,000 ரூபாய்.

இரண்டாம் வழி: மணிக்கணக்கு. மணிக்கு 63 ரூபாய் குறைகிறது. 4,200 மணிக்கு 2,64,600. மீதி மதிப்பு 4,35,400 ரூபாய்.

மூன்றாம் வழி: ஒவ்வோர் ஆண்டும் மீதமுள்ள மதிப்பில் 15 சதவீதம் குறைப்பது. இது கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போடுவது போன்றது. 7,00,000 முதலாண்டு முடிவில் 5,95,000 ஆகிறது; அடுத்த ஆண்டு 5,05,750. இப்படியே ஆறு முறை 0.85-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,64,000 ரூபாய் வரும்.

ஒரே டிராக்டர், மூன்று விடைகள்! கணக்குத் தவறிவிட்டதா? இல்லை. ஒவ்வொரு வழியும் ஒரு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எத்தனை ஆண்டு கழிந்தன என்பது முதல் கேள்வி. எவ்வளவு உழைத்தது என்பது இரண்டாவது. புதிய வண்டிதான் வேகமாக விலை இழக்கும், பழசாகப் பழசாக இழப்பு மெதுவாகும் என்ற சந்தை வழக்கத்தை மூன்றாவது காட்டுகிறது.

தரகர் சொன்ன 4,10,000 என்ற விலை இரண்டாம் வழியில் மட்டுமே நியாயமாகத் தெரிகிறது. அப்படியானால் எல்லாம் அந்த 4,200 மணி என்ற எண்ணைப் பொறுத்திருக்கிறது. அந்த எண்ணை நம்பலாமா?

மீட்டர் சொல்லும் கதை

மோட்டார் சைக்கிளில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் இருப்பதுபோல், டிராக்டரில் மணி காட்டும் மீட்டர் இருக்கிறது. வயலில் நின்ற இடத்திலேயே நெடுநேரம் உழைக்கும் வண்டிக்குத் தூரத்தைவிட நேரமே சரியான அளவு.

ஆனால் ஒரு நுட்பம் உண்டு. பழைய வகை மீட்டர்கள் கடிகாரம் அல்ல. அவை இன்ஜினின் சுழற்சிகளை எண்ணுபவை. நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று அமைத்த மீட்டரை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் 90,000 முறை சுற்றினால்தான் அது ஒரு மணி என்று காட்டும். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் மூன்று மணி நேரம் ஓடினால் அது இரண்டு மணி என்றே காட்டும். 4,200 மணி என்றால் 37 கோடியே 80 லட்சம் சுற்றுகள்! அத்தனை சுற்றிலும் பிஸ்டன் மேலும் கீழும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

மீட்டரின் கேபிள் அறுந்து சில மாதம் ஓடாமல் இருந்திருக்கலாம். வேறு மீட்டர் மாற்றியிருக்கலாம். ஆகவே அந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும். எப்படி?

வண்டிக்காரரிடம் விலை பேசாமல், வேலையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். "குறுவைக்கு எத்தனை நாள் ஓட்டினீங்க அண்ணே? சம்பா, தாளடிக்கு? ஒரு நாளைக்கு எத்தனை மணி?" என்று சித்தப்பா கேட்கட்டும். ஆண்டுக்கு 100 நாள், நாளைக்கு 9 மணி என்று அவர் பெருமையாகச் சொன்னால், ஆண்டுக்கு 900 மணி. ஆறு ஆண்டில் 5,400 மணி. மீட்டரோ 4,200 என்கிறது. 1,200 மணி எங்கே போயிற்று?

கண்ணும் சாட்சி சொல்லும். கிளட்ச், பிரேக் மிதிகளின் மேற்பரப்பு வழவழவென்று தேய்ந்திருக்கிறதா? டயரின் மேடுகள் எவ்வளவு மிச்சம்? ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்புகிறதா, கொஞ்சம் வெறுமனே ஆடிவிட்டுத் திரும்புகிறதா? குறைந்த மணி ஓடிய வண்டியில் மிதி மட்டும் அதிகமாகத் தேயாது அல்லவா?

5,400 மணி என்று வைத்துக் கணக்குப் போட்டால் தேய்மானம் 3,40,200. மீதி மதிப்பு 3,59,800 ரூபாய். ஒரு கேள்வியில் மதிப்பு எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல் இறங்கிவிட்டது!

புகையின் நிறம்

இனி இன்ஜினைப் பார்ப்போம். பெட்ரோல் இன்ஜினில் இருப்பதுபோல் டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய தத்துவம் இது: காற்றை மட்டும் உருளைக்குள் அடைத்து, அதன் கனஅளவு ஏறக்குறைய 17-இல் ஒரு பங்காகும்படி அமுக்கு. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதேபோல இந்தக் காற்றும் சூடாகிறது. 500 பாகை செல்சியசுக்கும் மேல் போகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது.

பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்துவிட்டால் என்ன ஆகும்? அமுக்கும்போது காற்று கசியும். வெப்பம் போதாது. குளிர்ந்த இன்ஜின் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. ஆனால் ஏற்கெனவே சூடாக இருக்கும் இன்ஜின் ஓரளவு எளிதில் கிளம்பிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் முன்னறிவிப்பில்லாமல் அதிகாலையில் போய் வண்டியைப் பார்ப்பார்கள். இன்ஜின் அருகே கையைக் கொண்டுபோனாலே வெப்பம் தெரிகிறதா? "காலையிலேயே எங்கே ஓட்டினீங்க?" என்று கேட்க வேண்டியதுதான்.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் புகைபோக்கியைக் கவனியுங்கள்.

கறுப்புப் புகை நிற்காமல் வந்தால், டீசல் முழுதும் எரியவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். இது பெரும்பாலும் சிறு செலவு.

நீலப் புகை என்றால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது. வளையங்களோ வால்வு வழிகளோ தேய்ந்திருக்கலாம். இது பெருஞ்செலவு.

வெள்ளைப் புகை குளிர்காலக் காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் பயமில்லை. நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்தால், உருளைக்குள் நீர் புகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது மெக்கானிக் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பார். அங்கிருந்து புகை குப்குப்பென்று வந்தால், வளையங்களைத் தாண்டி வாயு கசிகிறது. "பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது" என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

டெல்டாவுக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. இங்கே டிராக்டர் இரும்புக் கேஜ் வீல் மாட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் உழைக்கிறது. பின் அச்சின் ஓரத்திலுள்ள சீல் தேய்ந்தால் சேற்றுநீர் உள்ளே புகும். கியர் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். மோர்போல் வெளுத்திருந்தால் எண்ணெயும் நீரும் கலந்த பால்மமாகிவிட்டது என்று பொருள். அந்த எண்ணெயில் ஓடும் பற்சக்கரங்கள் வேகமாகத் தேயும்.

கவனம்: இந்தச் சோதனைகளைப் பெரியவர்களும் மெக்கானிக்கும் செய்ய, நீங்கள் அருகில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சுழலும் தண்டின் அருகே துண்டோ தாவணியோ போகக்கூடாது.

எலுமிச்சையும் நோபல் பரிசும்

பழைய வண்டி வியாபாரத்தைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதி நோபல் பரிசு வாங்கினார் என்றால் நம்புவீர்களா? அவர் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர். வாங்கியபின் தொல்லை தரும் காரை அமெரிக்கர்கள் 'எலுமிச்சை' என்பார்கள். 'எலுமிச்சைகளின் சந்தை' என்ற அவருடைய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. நான்காவது இதழ் 1970-இல் வெளியிட்டது. 2001-இல் அவர் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவருடைய கருத்தை நம் ஊர்க் கணக்காகப் பார்ப்போம். சந்தையில் பத்து டிராக்டர்கள். ஐந்து நல்லவை, தலா 4 லட்சம் பெறும். ஐந்து மோசமானவை, தலா 2 லட்சம் பெறும். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அவர் சராசரியாக 3 லட்சம்தான் தருவார். நல்ல வண்டிக்காரர், "என் வண்டியை 3 லட்சத்துக்குக் கொடுப்பதா?" என்று வீட்டுக்குப் போய்விடுவார். மோசமானவை மட்டும் மிஞ்சும்!

ஆக, அறியாமை வாங்குபவரை மட்டும் அல்ல, நேர்மையாக விற்பவரையும் கெடுக்கிறது. இதற்கு மருந்து, செய்தியை இருவருக்கும் பொதுவாக்குவதே. சர்வீஸ் செய்த ரசீதுகளை ஒழுங்காக வைத்திருப்பவருக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். பொதுவான ஒரு மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துக் காட்டுவது வீண்செலவு அல்ல.

காகிதங்களும் அப்படியே. ஆர்.சி. புத்தகத்திலுள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அது புத்தகத்தில் பதிவாகியிருக்கும். அதை நீக்காமல் வாங்கினால் வண்டியோடு வழக்கும் வரலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு என்ன பதில்?

இப்போது எல்லாவற்றையும் சேர்ப்போம். மெக்கானிக் பார்த்துவிட்டு, பின் டயர், கிளட்ச் தட்டு, அச்சு சீல் ஆகியவற்றுக்கு 60,000 ரூபாய் ஆகும் என்கிறார் என்று கொள்வோம். அதைக் கழித்தால் ஆண்டுக்கணக்கில் 2,62,000. திருத்திய மணிக்கணக்கில் 2,99,800. 15 சதவீதக் கணக்கின் 2,64,000-மும், செலவைக் கழிக்குமுன்பே, இந்த எல்லைக்குள்தான் விழுகிறது. ஆக, நியாய விலை 2,60,000-க்கும் 3,00,000-க்கும் இடையில் இருக்கிறது. தரகர் கேட்டது 4,10,000. குறைந்தது 1,10,000 அதிகம். நகைக் கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றால், இந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 11,000 ரூபாய் வட்டி. அது சித்தியின் வளையல் வீடு திரும்பாமல் தடுக்கும் பணம்!

கணக்கு மட்டுமே விலையை முடிவு செய்துவிடாது. அதே மாதிரி வண்டிகள் மன்னார்குடியிலும் திருவாரூரிலும் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று மூன்று பேரிடமாவது கேட்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் வரும் நேரத்தில் விலை ஏறத்தான் செய்யும். அவசரம் இல்லையென்றால் உழவு முடிந்தபின் வாங்கலாம். இந்தப் பருவத்துக்கு மட்டும் வாடகை டிராக்டரில் உழுதுகொள்ளலாம். அரசின் வேளாண் பொறியியல் துறையும் வாடகைக்கு இயந்திரங்கள் தருகிறது.

"நாளைக்கே வேறு ஆள் வருகிறார்" என்ற சொல்லுக்கு மட்டும் எந்தச் சூத்திரத்திலும் இடமில்லை. அதை விட்டுவிடுங்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு பழைய பம்புசெட், தையல் இயந்திரம் அல்லது சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். புதுவிலை, வயது, உழைத்த நேரம், பழுதுச் செலவு நான்கையும் விசாரித்து மூன்று வழியிலும் மதிப்பைக் கணக்கிடுங்கள். பிறகு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று உரிமையாளரைக் கேளுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? அதைக் கண்டுபிடித்துவிட்டால், விலை பேச நீங்கள் தயார்!