வரலாற்றுத் தரவுத்தளங்களில் நாள் வடிவமைப்பும் வினவலும்: திருவாலங்காட்டுச் செப்பேடுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
கல்வெட்டு, செப்பேட்டுத் தரவுத்தளங்களில் காலக்குறிப்பை ஒற்றை நாளாகப் பதிவதால் நேரும் பிழைகளை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. காலத்தை இடைவெளியாகச் சேமித்து, வெளியீட்டில் மட்டும் வடிவமைக்கும் முறையை இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், வினவல், ஆட்சியாண்டு, திருவாலங்காட்டுச் செப்பேடுகள், நாட்காட்டி

முன்னுரை
தொண்டைமண்டலத்துத் திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த 31 செப்பேடுகள் சோழர் வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் அடங்கும். பழையனூர் என்னும் ஊரை அங்குள்ள சிவன் கோயிலுக்குக் கொடையளித்த செய்தியை இவை கூறுகின்றன. கொடையின் காலம் முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டு. இதனைக் கணினித் தரவுத்தளத்தில் எவ்வாறு பதிவது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆட்சியாண்டும் ஒற்றை நாளும்
இராசேந்திரனின் ஆட்சித் தொடக்கம் 1012 மார்ச் 27க்கும் சூலை 7க்கும் இடைப்பட்டது எனக் கீல்ஹார்ன் கணித்தார். அதன்படி 6ஆம் ஆட்சியாண்டு 1017 மார்ச் 27க்கு முன் தொடங்கியிருக்க இயலாது. 1018 சூலை 6க்குப் பின் நீடித்திருக்கவும் இயலாது. தரவுத்தளத்தின் நாள் புலமோ ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் வேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்த நிலையில் ‘1017-01-01’ என நிரப்பினால், அந்நாள் 5ஆம் ஆட்சியாண்டிலேயே விழுகிறது. ஆட்சியாண்டு வரிசையைத் தேடும் வினவல் எவ்வித எச்சரிக்கையுமின்றித் தவறான விடையைத் தரும்.

ஆகவே தொடக்க எல்லை, இறுதி எல்லை என இரு புலங்கள் தேவை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மென்பொருளில் நாள்-இடைவெளிக்கெனத் தனித் தரவு வகையே உண்டு. இவ்வாறு சேமித்தால் இருவகை வினாக்களைப் பிரித்துக் கேட்கலாம். ‘1017ஆம் ஆண்டினதாக இருக்கக்கூடியவை எவை?’ என்பது இடைவெளிகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று நோக்கும். ‘உறுதியாக 1017ஆம் ஆண்டினவை எவை?’ என்பது ஓர் இடைவெளி மற்றொன்றினுள் முழுதும் அடங்குகிறதா என்று நோக்கும். இக்கொடை முதல் வினாவிற்கு விடையாகும், இரண்டாவதற்கு ஆகாது.

வடிவமைப்பின் இடம்
நாளை ‘நாள்-மாதம்-ஆண்டு’ என்ற எழுத்துச் சரமாகச் சேமிப்பதும் பிழைக்கு வழிவகுக்கும். ‘05-03-1018’ என்பது ‘12-01-1017’ என்பதற்கு முன் வரிசைப்படும். சரங்கள் இடப்புற எழுத்திலிருந்தே ஒப்பிடப்படுவதே காரணம். ஐஎஸ்ஓ 8601 தரம் ஆண்டை முதலில் வைப்பதால் இச்சிக்கல் எழுவதில்லை. டு_சார், டேட்_ஃபார்மேட் போன்ற வடிவமைப்புச் செயற்கூறுகள் நாளைச் சரமாக மாற்றுவன. அவற்றை வெளியீட்டுப் பகுதியில் மட்டும் கையாளுதல் வேண்டும். வரிசைப்படுத்தலும் வடிகட்டலும் மூலப் புலத்தின் மீதே நிகழ வேண்டும்.

நாட்காட்டி வேறுபாடும் கருதத்தக்கது. கீல்ஹார்னின் நாட்கள் சூலியன் நாட்காட்டிக்குரியவை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் கிரெகோரியன் முறையையே பின்னோக்கி நீட்டிக் கணக்கிடுகிறது. இராசேந்திரன் காலத்தில் இரண்டிற்குமுள்ள இடைவெளி 6 நாட்கள். மாற்றாமல் பதிந்தால் கிழமை தவறும். கிழமையும் நட்சத்திரமும் கொண்டு நாள் கணிக்கும் கல்வெட்டாய்வில் இது சிறு பிழையன்று. மேலும், மைஎஸ்க்யூஎல் ஆவணம் உறுதியளிக்கும் நாள் எல்லை 1000 சனவரி 1இல் தொடங்குகிறது. முதலாம் இராசராசன் அரியணையேறிய 985ஆம் ஆண்டு அதற்கு வெளியே நிற்கிறது.

ஒரு சான்று, இரு காலங்கள்
இச்செப்பேடுகளின் வடமொழிப் பகுதி இராசேந்திரனின் கடார வெற்றியைப் பாடுகிறது. அவ்வெற்றி அவனது 14ஆம் ஆட்சியாண்டை, அதாவது 1025ஆம் ஆண்டை ஒட்டியது. எனவே அப்பகுதி கொடைக்குப் பின்னரே இயற்றப்பட்டிருத்தல் வேண்டும். ‘செப்பேட்டின் காலம்’ என்ற ஒரே புலம் இவ்வுண்மையை மறைத்து, கடாரப் படையெடுப்பை எட்டாண்டு முன்தள்ளிக் காட்டும். கொடை நிகழ்ந்த காலம், பனுவல் இயற்றப்பட்ட காலம் எனத் தனித்தனி வரிசைகளாகப் பதிந்து ஒரே சான்றெண்ணால் இணைப்பதே தக்கது.

முடிவுரை
சான்றில் உள்ள ஆட்சியாண்டை உள்ளவாறே ஒரு புலத்திலும், கணித்த எல்லைகளை வேறு புலங்களிலும், நாட்காட்டி வகையையும் கணிப்பின் அடிப்படையையும் அவற்றின் அருகிலும் பதிதல் வேண்டும். ஆட்சித் தொடக்கம் குறித்த கருத்து நாளை மாறினாலும் எல்லைகளை மட்டும் மீளக் கணித்தால் போதும். மூலச் சான்று மாறாது நிற்கும். படிப்போர்க்குத் திரையில் ‘6ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 1017–18’ என்று காட்டுவது வடிவமைப்பின் பணி. சான்று தராத துல்லியத்தைச் சேர்ப்பது அதன் பணியன்று.