படிக்காமல் ஓட்டுப் போடாத கடலை விவசாயி

வங்கியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தேன். பயிர்க்கடனுக்கு வந்த விவசாயிகளில் பெரும்பாலானவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எங்க சார் கையெழுத்துப் போடணும்?" அதில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நானும் இடத்தைக் காட்டினேனே தவிர, "படிச்சுட்டுப் போடுங்க" என்று சொன்னதில்லை. ஓய்வு பெற்று நானே நிலத்தில் இறங்கின பிறகுதான் அது உறுத்துகிறது. ஜிம்மி கார்ட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

அவரை அமெரிக்க ஜனாதிபதியாக எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் ஜார்ஜியா மாநிலத்தில் கடலை விவசாயி. நாலு வருஷம் மாநில செனட் உறுப்பினர். நம்மூரில் முன்பு இருந்த மேல்சபை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1924இல் பிறந்தவர். பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊர். பையனாக இருந்தபோது பருத்திக் காய்வண்டுக்கு ஆர்சனிக்கை வெல்லப்பாகில் கலந்து செடி செடியாகத் துடைத்து விடுகிற வேலையைச் செய்திருக்கிறார். அந்தக் காலத்துப் பூச்சி மருந்து அது! கால்சட்டையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளுமாம்.

அப்பா ஏர்ல் கார்ட்டர் விவசாயி, கடைக்காரர். 1953இல் மாநில சட்டசபைக்குப் போனார், அந்த வருஷமே புற்றுநோயில் இறந்துவிட்டார். கடற்படையில் அதிகாரியாக இருந்த மகன், வேலையை விட்டு ஊர் திரும்பினார். மனைவி ரோசலினுக்குத் துளியும் விருப்பமில்லை. அப்பா பலருக்குக் கொடுத்த கடனைத் தள்ளுபடி செய்திருந்தார். பங்கு பிரித்ததில் மகன் கைக்கு வந்தது கொஞ்சம்தான். 1954இல் வறட்சி. முதல் வருஷ லாபம் 300 டாலர்கூட இல்லை. குடியிருந்தது அரசுக் குடியிருப்பில். கணக்கு நோட்டை ரோசலின் பார்த்துக்கொள்ள, இவர் வேளாண்மையைப் புத்தகம் வைத்துப் படித்தார். சான்று பெற்ற விதைக்கடலை வியாபாரம்தான் குடும்பத்தை நிமிர்த்தியது.

அப்போது அங்கே கறுப்பின மக்களைத் தள்ளி வைக்கிற காலம். வெள்ளையர்கள் அதற்கென்றே சங்கம் வைத்திருந்தார்கள். ஊரே சேர்ந்தபோதும் கார்ட்டர் சேரவில்லை. அவர் கிடங்குக்கு யாரும் போகக் கூடாது என்று புறக்கணித்தும் பார்த்தார்கள்.

1962 அக்டோபர் 1, தன் 38ஆவது பிறந்தநாளில் செனட்டுக்குப் போட்டியிட முடிவு செய்தார். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு இருந்தது பதினைந்தே நாள். குவிட்மன் என்ற மாவட்டத்தில் ஜோ ஹர்ஸ்ட் என்ற பெரிய மனிதர் வைத்ததுதான் சட்டம். ஜார்ஜ்டவுன் வாக்குச்சாவடியில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, யாருக்குப் போடணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுப் போட வந்தவர்கள் 333 பேர். பெட்டியில் இருந்ததோ 420 சீட்டு! இறந்தவர்கள் பெயரிலும் ஓட்டு விழுந்திருந்தது. கார்ட்டர் தோற்றதாக அறிவித்தார்கள்.

"அந்த ஊர்ல எப்பவும் அப்படித்தான்" என்று பலர் ஒதுங்கச் சொன்னார்கள். இவர் விடவில்லை. வாக்காளர்களைத் தேடிப் போய் வாக்குமூலம் வாங்கினார். ஜான் பென்னிங்டன் என்ற பத்திரிகையாளர் எழுதினார், சார்லஸ் கிர்போ என்ற வக்கீல் வாதாடினார். மறு எண்ணிக்கையில் அந்தப் பெட்டியே தள்ளுபடியானது. கார்ட்டர் ஜெயித்து, 1963 ஜனவரியில் பதவியேற்றார்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான். ஓட்டுப் போடும் முன் ஒவ்வொரு மசோதாவையும் முழுசாகப் படிப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வந்து குவிந்த காகிதத்தைப் பார்த்ததும் திணறிப்போய், வேகமாகப் படிப்பதற்கென்றே ஒரு வகுப்பில் சேர்ந்தாராம்! கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வந்தால் மடக்குவதற்கென்று 30 கேள்விகள் வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து செனட்டில் பேசினார்.

மாசு மருவற்றவர் என்று சொல்ல மாட்டேன். 1966இல் ஆளுநர் தேர்தலில் தோற்றார். 1970இல் மறுபடி நின்றபோது இனப்பாகுபாட்டை ஆதரித்தவர்களின் ஓட்டுக்கும் வளைந்து கொடுத்தார். ஆனால் 1971இல் பதவியேற்ற அன்றே, பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே அறிவித்தார்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. அவர் ஜனாதிபதியாக இருந்த 1980இல்தான் அமெரிக்க வேளாண் துறை இயற்கை விவசாயத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இது பிழைக்கத் தெரியாதவர்கள் வேலை அல்ல, ஆராய்ச்சி செய்யத் தகுந்த முறை என்று ஒரு வல்லரசின் துறையே எழுதியது. அடுத்து வந்த ஆட்சி அதைக் கிடப்பில் போட்டது வேறு கதை.

2024 டிசம்பரில், நூறு வயதில், அதே பிளெய்ன்ஸ் ஊரில் இறந்தார்.

இப்போது எங்க ஊரில் யாராவது கடன் பத்திரமோ விதை ஒப்பந்தமோ கொண்டுவந்தால், திண்ணையில் உட்கார வைத்து முழுசாக வாசித்துக் காட்டுகிறேன். அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். முப்பத்து நாலு வருஷம் நான் சொல்லாமல் விட்டதை இப்போதாவது சொல்கிறேன்: படிச்சுட்டுப் போடுங்க.