இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் கர்ப்பிணியா? பிரசவ விடுப்புச் சம்பளத்தை இரண்டு இடத்திலும் கேட்கலாம்!

காலையில் ஜவுளிக்கடை, மாலையில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. வாரநாள்களில் அரிசி ஆலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் சமையல் உதவி. ஒரு சம்பளத்தில் வீட்டு வாடகையும் தவணையும் கட்டி முடியாததால், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் பல பெண்களின் நாள் இப்படித்தான் ஓடுகிறது. கல்வராயன் மலைக்கு மேலே வெள்ளிமலை, சேராப்பட்டுப் பக்கம் போனால் கணக்கு வேறு. சொந்தக் கொல்லையில் மரவள்ளி, சாமை. கொஞ்ச நாள் நூறு நாள் வேலை. மிச்ச நாள்களில் வெளியூர்த் தோட்டமோ கட்டட வேலையோ.

வயிற்றில் குழந்தை என்று தெரிந்ததும் இவர்களுக்கு வரும் கேள்வி ஒன்றுதான். ‘ரெண்டு மூணு இடத்துல வேலை பார்க்கிறோமே, யார்கிட்ட போய் லீவு சம்பளம் கேட்கிறது?’ பெரும்பாலானோர் பெரிய வேலை எதுவோ அங்கே மட்டும் கேட்கிறார்கள். சின்ன வேலையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஓர் இடத்தில் லீவு சம்பளம் வாங்கிக்கொண்டு, இன்னோர் இடத்தில் வேலையைத் தொடர்கிறார்கள். இரண்டிலுமே நஷ்டம் அவர்களுக்குத்தான்.

80 நாள்: ஒவ்வொரு முதலாளிக்கும் தனிக் கணக்கு

மகப்பேறு பலன் சட்டம் 1961-ல் வந்தது. 2017-ல் செய்த திருத்தத்தில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் அடிப்படை விதிகள் அப்படியேதான் இருக்கின்றன.

தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கும், 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள், நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். முழுநேரமா, பகுதிநேரமா என்று சட்டம் பிரிப்பதில்லை. நேரடியாகச் சேர்ந்திருந்தாலும் ஏஜென்சி மூலம் சேர்ந்திருந்தாலும் உரிமை உண்டு.

நிபந்தனை ஒன்றுதான். பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதங்களில், யாரிடம் சம்பளம் கேட்கிறீர்களோ அவரிடம் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இந்த 80 நாளை ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனியாகத்தான் எண்ண வேண்டும். இரண்டு இடத்திலும் 80 நாளைத் தாண்டியிருந்தால் இரண்டு இடத்திலும் கேட்கலாம். ஓரிடத்தில் 50 நாள், இன்னோரிடத்தில் 40 நாள் என்றால், கூட்டி 90 என்று காட்ட முடியாது.

ஞாயிறு மட்டும் போகும் வேலை என்றால் வருடம் முழுக்கப் போனாலும் 52 நாள்தான், 80-ஐத் தொடாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் போகிறவர், பிரசவத்துக்கு 8 வாரம் முன்பே விடுப்பு எடுத்தாலும் 44 வாரத்தில் 88 நாள் ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு நாள் கூடினால் கதையே மாறிவிடுகிறது.

கையில் எவ்வளவு கிடைக்கும்?

விடுப்பில் போவதற்கு முந்தைய 3 மாதங்களில் வேலை செய்த நாள்களின் சராசரிக் கூலிதான் அடிப்படை. அது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாக இருந்தால், குறைந்தபட்சக் கூலியையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணம். ஜவுளிக்கடையில் நாளுக்கு 350 ரூபாய், சூப்பர் மார்க்கெட்டில் மாலை நேரத்துக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 வாரம் என்பது 182 நாள். ஜவுளிக்கடை தர வேண்டியது 63,700 ரூபாய். சூப்பர் மார்க்கெட் தர வேண்டியது 36,400 ரூபாய். ‘அது சின்ன வேலைதானே’ என்று இரண்டாவது இடத்தில் கேட்காமல் விட்டால், போவது இந்த 36,400 ரூபாய்.

‘ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கிடையாதே, 182 நாளுக்கும் எப்படித் தருவது?’ என்று சில இடங்களில் கேட்பார்கள். இதற்குப் பதில் 1977-லேயே வந்துவிட்டது. கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அப்போதிருந்த 12 வார விடுப்புக்கு, ஞாயிறுகளைக் கழித்துவிட்டு 72 நாள் கூலி மட்டும் தந்தது நிர்வாகம். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், வாரம் என்றால் ஞாயிறையும் சேர்த்து 7 நாள்தான் என்று தீர்ப்பானது.

26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால், அடுத்த பிரசவத்துக்கு 12 வாரம்தான். அதில் 6 வாரத்தை முன்பே எடுக்கலாம். கர்ப்பகால, பிரசவகால மருத்துவ வசதியை முதலாளி இலவசமாகச் செய்து தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு.

பலரும் சறுக்கும் இடம்

விடுப்புக்குக் கொடுக்கும் கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். ‘இந்தப் பலனைப் பெறும் காலத்தில் எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய மாட்டேன்’ என்ற உறுதிமொழி அது. ‘இந்த நிறுவனத்தில்’ அல்ல, ‘எந்த நிறுவனத்திலும்’.

ஒரே வேலை பார்ப்பவருக்கு இது வெறும் சம்பிரதாயம். இரண்டு வேலை பார்ப்பவருக்கு இதுதான் உயிர்நாடி. ஜவுளிக்கடையில் விடுப்புச் சம்பளம் வாங்கிக்கொண்டு மாலையில் மட்டும் பில் போடப் போனால், அப்படிப் போன காலத்துக்கான விடுப்புச் சம்பளத்தைக் கேட்கும் உரிமை போய்விடும். 200 ரூபாய்க்காக 350 ரூபாயை விடும் கதைதான்.

அதனால் இரண்டு இடத்திலும் ஒரே தேதியிலிருந்து விடுப்பு எடுப்பதுதான் சரி. பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரத்துக்கு எந்த முதலாளியும் அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்ளவே கூடாது என்கிறது சட்டம்.

இன்னொன்று, வேலையில் சேரும்போது தந்த ஆணையை எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘வேறு வேலை பார்க்கக் கூடாது’ என்று அதில் இருந்தால் நிர்வாகம் அதைக் கிளப்ப வாய்ப்பு உண்டு. ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்யவும் சட்டத்தில் தடை இருக்கிறது.

கடிதம் கொடுப்பது எப்படி?

* இரண்டு முதலாளிகளுக்கும் தனித்தனிக் கடிதம். இரண்டிலும் விடுப்பு தொடங்கும் தேதி ஒன்றாக இருக்கட்டும்.
* பிரசவத் தேதி குறித்த மருத்துவச் சான்றின் நகலைச் சேருங்கள்.
* கொடுத்ததற்கு அடையாளமாக நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.
* 80 நாள் வேலை செய்ததற்கு ஆதாரம் சேருங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், ஜிபே வரவு, வருகைப் பதிவேட்டின் போட்டோ என எதுவானாலும் உதவும்.

பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை, கர்ப்பத்துக்கான சான்றைக் காட்டியதும் முன்பணமாகத் தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கடிதம் கொடுக்கத் தவறியிருந்தாலும் உரிமை போய்விடாது. விடுப்பில் இருப்பதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி செல்லாது.

இ.எஸ்.ஐ பிடித்தால்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ பிடித்தம் இருந்தால், பணம் தருவது முதலாளி அல்ல, இ.எஸ்.ஐ கழகம். இங்கு 80 நாளுக்குப் பதில், முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். விடுப்பு இதிலும் 26 வாரம்தான்.

ஒரு வேலையில் இ.எஸ்.ஐ உண்டு, இன்னொன்றில் இல்லை என்றால், முதலாவதற்கு இ.எஸ்.ஐ அலுவலகத்தையும் இரண்டாவதற்கு அந்த முதலாளியையும் அணுக வேண்டும். இரண்டிலும் பிடித்தம் என்றால், முதல் வேலையில் கிடைத்த காப்பீட்டு எண்ணையே இரண்டாவது இடத்திலும் கொடுங்கள். புதிதாக இன்னோர் எண் எடுத்தால் சந்தா நாள்கள் இரண்டாகச் சிதறிவிடும்.

‘நீ தினக்கூலிதானே?’

இதைச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. டெல்லி மாநகராட்சியில் சாலைப் பணி செய்த தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு பலன் உண்டு என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பெண் டாக்டருக்கு, விடுப்பு கேட்டபோது ஒப்பந்தம் முடிய 11 நாள்தான் மிச்சம் என்று 11 நாள் மட்டும் அனுமதித்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் முழு 26 வாரத்துக்கான பலனைத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது.

மலையில் 80 நாளுக்கு எங்கே போவது?

கல்வராயன் மலைப் பெண்களுக்கு இந்த 80 நாள்தான் பெரிய முட்டுக்கட்டை. ஒரு தோட்டத்தில் 40 நாள், அடுத்த தோட்டத்தில் 35 நாள், பிறகு கட்டட வேலை என்று போனால் உழைப்பு வருடம் முழுக்க இருக்கும். ஆனால் எந்த முதலாளியிடமும் 80 சேராது. சொந்தக் கொல்லையில் உழைப்பதற்கு முதலாளியே இல்லை. நூறு நாள் வேலையில் பிரசவ விடுப்புச் சம்பளம் என்று ஒன்று கிடையாது.

ஒரே தோட்டத்தில் தொடர்ந்து இருக்க முடிந்தால் 80 நாளை முடித்துவிட்டு இடம் மாறுவது நல்லது. ஆனால் அது எல்லோருக்கும் வாய்க்காது. அவர்களுக்குக் கைகொடுப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 14,000 ரூபாய் ரொக்கம், 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம் என மொத்தம் 18,000 ரூபாய். ஏழைக் குடும்பத்தில் 19 வயது நிறைந்தவர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. இதற்கு 80 நாள் கணக்கு எதுவும் தேவையில்லை. கர்ப்பம் தெரிந்ததும், 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிட வேண்டும். பிழைப்புக்கு வெளியூர் போவதாக இருந்தால், பதிவை முடித்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இந்த உதவியுடன் இணைந்திருக்கும் மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில், வேறு சட்டப்படி இதே போன்ற பலன் பெறுகிறவர்களுக்கு இடமில்லை. விடுப்புச் சம்பளம் வாங்குகிறவர்கள் பதிவின்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் தையல், சித்தாள் வேலை என்று இருப்பவர்கள் தமிழக அரசின் நலவாரியத்தில் உறுப்பினராகலாம். அங்கும் மகப்பேறு உதவித்தொகை உண்டு. கர்ப்பம் ஆன பிறகு ஓடுவதைவிட, முன்பே பதிந்து வைப்பது நல்லது.

தர மறுத்தால்?

கடை, நிறுவனம் என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டதால், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க விழுப்புரம் வரை போக வேண்டியதில்லை. வழக்கு வரை போனால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அதற்கான தொலைபேசி எண் 15100.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, காலண்டரை எடுத்து ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நாள் வேலை செய்திருக்கிறீர்கள் என்று தனித்தனியாக எண்ணுவது. ஓரிடத்தில் 72, 75 என்று நின்றால், உடம்புக்கு முடியும் என்று டாக்டரும் சொன்னால், மிச்ச நாளை முடித்துவிட்டு விடுப்புக் கடிதம் கொடுங்கள். அந்தச் சில நாள், ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமம்.