கண் திறக்கும் ஊரில்

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் விக்கிரகத்தின் மற்ற அங்கங்களையெல்லாம் முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்திருப்பார்கள். நல்ல நாள் பார்த்து, நியமத்தோடு ஸ்தபதி உளியெடுத்துக் கண் திறப்பார். சுவாமிக்குக் கண் கொடுக்கிற அந்தக் கைகளுக்கு உடையவரின் சொந்தக் கண்ணுக்கோ எந்த நியமமும் கிடையாது. தெறிக்கிற கல் சில்லுக்கு ஸ்தபதி என்றும் சீடப் பிள்ளை என்றும் பேதம் உண்டா?

கல் சில்லோ, அறுப்புக் காலத்து நெல் சுணையோ கருவிழியைக் கீறிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? தாய்ப்பால் விடுகிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள், பச்சிலை பிழிகிறார்கள். கீறலில் கிருமி புகுந்து புண்ணாகி, ஆறும்போது வெள்ளைத் தழும்பாக நின்றுவிடுகிறது. இதைத்தான் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்கிறோம். இவ்வளவு பொல்லாத விஷயத்துக்கு இவ்வளவு அழகான பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தானோ!

இந்தப் பூ தொழுநோயாலும் விழும். செங்கற்பட்டை அடுத்த திருமணியில், 1955-ஆம் ஆண்டிலிருந்து மத்திய சர்க்காரின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோய் முகத்து நரம்பைத் தாக்கினால் இமை மூடாது. கருவிழியும் மரத்துப் போனால் தூசி விழுந்தது கூடத் தெரியாது.

ஆனால் நம் தேசத்தில் பார்வையைப் பறிக்கும் முதல் எதிரி புரைதான். 2015 முதல் 2019 வரை நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. 50 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேர், மூன்று மீட்டர் தூரத்தில் காட்டும் விரல்களை எண்ண முடியாத நிலையில் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம் புரை. ஆபரேஷன் செய்தால் தீர்ந்துவிடுகிற புரை!

பின் ஏன் செய்துகொள்ளவில்லை? பணம், பயம், தூரம் எல்லாம் உண்டு. ‘இன்னும் முற்றவில்லை’ என்ற பழைய நம்பிக்கையும் உண்டு. ஒரு காலத்தில் வைத்தியர்களே அப்படிச் சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சோடாப் புட்டிக் கண்ணாடியும் போட்டார்கள். இன்று கண்ணுக்குள்ளேயே சிறு லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பணமும் கேட்பதில்லை.

வீட்டுப் பெரியம்மாக்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அரிசியில் கல் பொறுக்குவதை மெதுவாக மருமகளிடம் தள்ளுவார்கள்; ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவார்கள். ‘வயசாச்சு, வெள்ளெழுத்து’ என்று நாமும் சும்மா இருந்துவிடுகிறோம். ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரிலுள்ள தினசரிக் காலண்டரின் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். ஒரு நிமிஷ வேலைதான்.

இந்தப் பரீட்சைக்கும் அகப்படாத திருடன் ஒருவன் இருக்கிறான். ‘க்ளாக்கோமா’ என்று பெயர். வலிக்காது, சிவக்காது, பக்கவாட்டுப் பார்வையை முதலில் தின்றுவிட்டு, நேர்ப் பார்வையைக் கடைசிக்கு விட்டு வைப்பான். பழைய செங்கற்பட்டு ஜில்லா 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாயிற்று. அந்த இரண்டு மாவட்டங்களிலும் 27 கிராமங்களில், 40 வயதைத் தாண்டிய 3,924 பேரைச் சங்கர நேத்ராலயா வைத்தியர்கள் பரிசோதித்தார்கள். க்ளாக்கோமாவின் முக்கிய வகை இருந்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல், பரிசோதனை நடக்கும்வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. பட்டணத்துக்காரர்கள் பெருமைப்பட வேண்டாம். சென்னை நகரத்திலும் பெரும்பாலோர் கதி அதேதான்.

புரையைப் போல இதில் போன பார்வை திரும்பாது. மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். கண்ணின் அழுத்தத்தையும் உள்ளேயிருக்கும் நரம்பையும் வைத்தியர் சோதித்தால்தான் தெரியவரும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயது ஆனதுமே, காலண்டர் நன்றாகத் தெரிந்தாலும், போய்க் காட்டிக்கொள்வது அவசியம்.