கல்வாழையை விதையினாலும் கிழங்கினாலும் பயிராக்கும் முறை

2019-ஆம் வருஷத்தில் தனி ஜில்லாவாகப் பிரிக்கப்பட்ட செங்கற்பட்டின் கடலோரப் பகுதியில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டியுள்ள படூர், கேளம்பாக்கம் முதலிய ஊர்களில் கல்வாழையை அறியாதார் அரியர். கிணற்றடியிலும் சமையலறைச் சலதாரையின் ஓரத்திலும் ஒரு தூறு நட்டுவைப்பது நம்மவர் வழக்கம். தானே வளரும் செடியென்று எண்ணி இதன் சாகுபடியை ஒருவரும் கருத்திற் கொள்வதில்லை. ஆயினும், வீடுகள் பெருகிக் கழிவுநீரும் பெருகிவிட்ட இக்காலத்தில் இச்செடி ஊருக்குப் பெரிதும் பிரயோஜனப்படக் கூடியது. அதற்கு இரண்டொரு தூறுகள் போதா. வரிசை வரிசையாக நட வேண்டும். அவ்வளவு செடிகளை அதிகப் பணச் செலவின்றி உண்டாக்கிக்கொள்ளும் முறையை ஈண்டு விவரிப்போம்.

செடியின் இயல்பு

கல்வாழையின் பூர்விகம் அமெரிக்காக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசங்களாகும். 1753-இல் லின்னேயஸ் என்னும் தாவர சாஸ்திரி இதற்கு இட்ட பெயரில் 'இந்தியா' என்பது தொனித்தாலும், இது நம் நாட்டில் தோன்றிய செடியன்று. இலையைப் பார்த்து நாம் வாழையென்கிறோம்; வாழை, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றிற்கு இது தூரத்து உறவுடையதே. மஞ்சளைப் போல மண்ணினுள் கிடைமட்டமாகக் கிழங்கு விட்டுப் பரவும். ஒவ்வொரு தண்டும் பூத்து முடிந்தபின் மாளும்; கிழங்கிலுள்ள கண்களினின்று புதுத்தண்டுகள் எழும். ஆகவே பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு அறுத்துவிடுதல் நலம்.

விதையால் பயிராக்குதல்

முட்போன்ற சொரசொரப்புடைய காய்கள் உலர்ந்து வெடிக்கும் தறுவாயில், கறுத்து உருண்ட விதைகளைச் சேகரிக்கலாம். துப்பாக்கி ரவையைப் போன்ற இவ்விதையின் தோல் மிகக் கடினமானது. நீரை உள்ளே விடாது. அர்ஜென்டினா தேசத்தில் பழைய காலத்துக் கிலுகிலுப்பை ஒன்றினுள் அகப்பட்ட கல்வாழை விதை முளைத்ததென்றும், அதன் வயது ஏறக்குறைய 600 வருஷமென்றும் 1971-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். விதையைக் காக்கும் அத்தோலே விதைப்பவனுக்கு இடையூறாகிறது. அப்படியே மண்ணிலிட்டவர் மாதக்கணக்கில் காத்திருந்து, விதை பழுதென்று எறிந்துவிடுவர். பழுது விதையிலன்று, முறையிலேயாம்.

விதையில் காம்பு ஒட்டியிருந்த தழும்பிற்கு எதிர்ப்புறத்தை அரத்திலாவது உப்புத்தாளிலாவது தேய்த்து, உள்ளே வெண்மை தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஒருநாள் முழுதும் ஊறவிட வேண்டும். பருத்த விதைகள் விதைப்புக்குத் தக்கவை. பருக்காதவற்றை மறுபடியும் தேய்த்து ஊறவிடலாம். மணலும் மக்கிய தொழு எருவும் கலந்த சட்டிகளில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, ஈரம் மாறாமல் வைத்துவரின், ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் முளை காணும். மூன்று நான்கு இலைகள் விட்டு அரையடி உயரம் வளர்ந்ததும் நிலத்திற்கு மாற்றலாம். நம் பக்கத்தில் மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் விதைப்புக்கு ஏற்றவை. நீர் குறையாதிருப்பின் நான்கைந்து மாதங்களில் பூக்கும்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சிறிய சிவப்புப் பூப்பூக்கும் நாட்டுக் கல்வாழை, மொட்டு விரியுமுன்னரே தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதால், பெரும்பாலும் தாயை ஒத்த கன்றுகளையே தரும். பெரிய பூக்களையுடைய ஒட்டு ஜாதிகளின் விதைகள் அவ்வாறல்ல. அவற்றிற் பல விதையே பிடியா. குறித்த நிறம் வேண்டுவோர் கிழங்கையே நாட வேண்டும்.

கிழங்கால் பயிராக்குதல்

இரண்டு மூன்று வருஷங்கள் ஓரிடத்திலேயே நின்ற தூறு நெருங்கிப் பூக் குன்றும். அதனைத் தோண்டியெடுத்து, துண்டிற்கு இரண்டு மூன்று கண்கள் இருக்குமாறு கூரிய கத்தியால் பிரித்து, வெட்டுவாய் உலரும்படி ஒருநாள் நிழலில் வைத்து நட வேண்டும். ஆழம் மூன்று அங்குலம். செடிக்குச் செடி ஒன்றரை அடி. நன்கு விளைந்த ஒரு தூற்றில் எட்டுப் பத்துத் துண்டுகள் கிடைப்பது அரிதன்று. முப்பதடி நீளச் சலதாரைக்கு இரு வரிசையாக நாற்பது செடிகள் வேண்டுமாயின், ஐந்து தூறுகள் போதுமானவை. ஆடி மாதத்து மழையை ஒட்டியாவது, தை மாதத்திலாவது நடுக.

கிழங்கைச் சேமித்தல்

சீமைத் தோட்டப் புத்தகங்களில், குளிர்காலத்திற்கு முன் கிழங்கைத் தோண்டி உள்ளே வைக்கும்படி எழுதியிருக்கும். அது உறைபனி பெய்யும் நாடுகளுக்கு உரிய விதி. நம் மாகாணத்தில் உதகமண்டலம் போன்ற மலைப்பிரதேசங்களில், மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுமிடத்து அவ்விதியைக் கைக்கொள்ளலாம். படூர்ப் பக்கத்தில் கிழங்கிற்குப் பகை குளிரன்று. சித்திரை, வைகாசி வெயிலே. வறண்ட மணலில் இலை கருகினாலும் கிழங்கு எளிதில் மாளாது. அடியில் சருகு பரப்பி வாரமொருமுறை நீர் விட்டால் அது நிலத்திலேயே பிழைத்துக்கொள்ளும். வீணாகத் தோண்டுதல் வேண்டா.

வேற்றூருக்கு அனுப்பவோ, பாத்தி தயாராகும்வரை வைத்திருக்கவோ வேண்டின், தண்டை நாலங்குலம் விட்டு அறுத்து, மண்ணை உதிர்த்து, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலிலாவது தேங்காய் நார்க்கழிவிலாவது புதைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். மாதமொருமுறை பார்த்து, அழுகினதை அப்புறப்படுத்துக. விதை மஞ்சளைக் காத்து வைப்போருக்கு இது புதிதன்று.

நோய்

நரம்புகளை ஒட்டி மஞ்சள் கோடுகள் தோன்றி இலை கிழிவதாயின், அது வைரஸ் நோயாக இருத்தல் கூடும். அதற்கு மருந்தில்லை. அது கிழங்கின் வழியே தலைமுறை தலைமுறையாகத் தொடரும். பிரித்துக் கொடுப்பவர் நோயையும் சேர்த்தே கொடுப்பவராவர். அத்தகைய தூற்றைக் கிழங்கோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். வெட்டிய கத்தியைச் சோப்பு நீரில் கழுவ வேண்டும். ஊர் முழுதும் நோய் கண்ட இடத்தில் விதையால் புதிதாகத் தொடங்குதலே உத்தமம். விதைக் கன்றுகள் பெரும்பாலும் இந்நோயின்றி எழுவன. இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் காணின், அது துரு நோய். அவ்விலைகளைக் கிள்ளி எரித்தால் போதும்.

சலதாரைப் பாத்தி

குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் தேங்கிக் கொசுவை வளர்ப்பதைத் தடுக்க, இச்செடி கைகண்ட துணையாகும். முதலில் ஒரு சிறு குழியில் நீரைத் தங்கச் செய்து, எண்ணெய்ப் பசையும் பருக்கையும் ஒதுங்கவிட வேண்டும். அப்பால் இரண்டடி ஆழப் பள்ளத்தில் சரளைக்கல் நிரப்பி, நீர் கல்லின் மேல்மட்டத்திற்குக் கீழேயே ஓடும்படி அமைத்துக் கல்வாழையை நடுக. கல்லிலும் வேரிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடி உண்ணும். இம்முறை இந்தியாவிலும் பிற தேசங்களிலும் வழங்கி வருகிறது. வருஷம் முழுதும் நீர் கிடைப்பதால், கோடையிலும் செடி வாடாது. வெளிவரும் நீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம். குடிக்கவோ, பச்சையாக உண்ணும் காய்கறிக்குப் பாய்ச்சவோ ஆகாது. மலஜலத்தை இதில் விடலாகாது. குடிநீர்க் கிணற்றருகே இப்பாத்தியை அமைக்கவும் கூடாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக் கால்வாய்களில் கல்வாழையை நட அனுமதித்தலாகாது. ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையில் அது வெள்ளத்தைத் தடுத்துக் கரையை உடைக்கும். கழித்த கிழங்குகளை ஏரியிலோ ஓடையிலோ எறிதலும் தவறு. எறிந்தவிடத்தில் வேரூன்றிப் பரவும். பக்கிங்காம் கால்வாயையும் முட்டுக்காட்டு உப்பங்கழியையும் ஒட்டிய உப்பு நிலங்களில் இலை ஓரம் கருகுமாதலால், அங்கு இதனை நடுவதில் பயனில்லை.

சுருங்கக் கூறின், ஏராளமான நோயற்ற கன்றுகளுக்கு விதை. குறித்த ஜாதிக்கும் விரைவுக்கும் கிழங்கு. இவ்வருஷம் ஒரு தெருவின் சலதாரைக்கு இதனைச் செய்து பார்ப்போர், அடுத்த வருஷம் அத்தூறுகளைப் பிரித்தே மறு தெருவிற்கும் நடலாம்.